ஒரு கடனும் இல்லாதவருக்குக் கிரெடிட் கார்ட் கிடைக்குமா?

உங்களுக்கு யாரிடமும் ஒரு ரூபாய் கடன் இல்லை. சீட்டுக் காசு ஒரு மாதமும் பிந்தியதில்லை. சம்பளமோ வியாபாரக் காசோ ஒழுங்காகக் கணக்கில் விழுகிறது. ஆனாலும் கிரெடிட் கார்டுக்கு (கடனட்டை) விண்ணப்பித்தால், "தற்போதைக்கு அனுமதிக்க முடியவில்லை" என்று வங்கி ஒரே வரியில் பதில் அனுப்பிவிடுகிறது. மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடி, காத்தான்குடி, ஏறாவூர் என்று எந்தப் பக்கம் போனாலும், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் இந்தக் கதையைக் கேட்கலாம். "நாங்க ஒருத்தருக்கும் கடன் இல்ல மனே, பொறகு ஏன் தரமாட்டாங்களாம்?" என்று வீட்டில் அம்மா கேட்பார். நியாயமான கேள்வி.

பதில் இதுதான். கடன் இல்லாதவரை ஊர் நல்லவர் என்று சொல்லும். வங்கிக்கு அவர் முன்பின் தெரியாதவர். நீங்கள் கடனைத் திருப்பிக் கட்டுவீர்களா என்று பார்க்க, முன்பு எடுத்துக் கட்டிய கடன் ஒன்று அதற்கு வேண்டும். அப்படி ஒன்றும் இல்லையென்றால் உங்களைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ எதுவும் அதன் கையில் இல்லை. பிணை எதுவும் இல்லாமல் கொடுக்கும் கடன் என்பதால், தெரியாத ஆளுக்குக் கடனட்டை கொடுக்க வங்கி தயங்குகிறது.

வங்கி இதை எங்கே போய்ப் பார்க்கிறது? கொழும்பிலுள்ள இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்தில். வாய்ப்பேச்சில் எல்லோரும் கிரிப் என்பது இதைத்தான். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நிறுவனம் இது. உரிமம் பெற்ற வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் லீசிங் கம்பனிகளும் தங்களிடம் யார் எவ்வளவு கடன் எடுத்தார், மாதாமாதம் எப்படிக் கட்டினார் என்ற விபரத்தை அங்கே கொடுக்கின்றன. நீங்கள் புதிதாகக் கடன் கேட்டால், கேட்ட இடத்தில் உங்கள் அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டு அந்த விபரத்தை எடுத்துப் பார்க்கிறார்கள்.

கிரிப் ஒரு கறுப்புப் பட்டியலா? அப்படித்தான் பலர் நினைக்கிறார்கள். "கிரிப்பில பேர் விழுந்திட்டுது" என்று பயத்தோடு சொல்வதும் அதனால்தான். உண்மையில் ஒரு ஒழுங்கான லீசிங் எடுத்து ஒரு தவணையும் தவறாமல் கட்டியவருடைய பெயரும் அங்கே இருக்கும். அவருக்கு அது நல்ல சாட்சி. கடனைத் தருவதா விடுவதா என்று கிரிப் தீர்மானிப்பதும் இல்லை. அது பதிவைக் காட்டும், அந்தப் பதிவிலிருந்து கணித்த ஒரு புள்ளியையும் தரும். முடிவு வங்கியுடையது. ஆகவே ஒரு வங்கி மறுத்ததை இன்னொரு வங்கி தரவும் கூடும்.

அப்படியென்றால் சீட்டு? ஒழுங்காகக் கட்டிய மின்சாரப் பட்டியல்? பத்து வருடமாகப் போட்டுவரும் சேமிப்பு? இவற்றால் உங்கள் கிரிப் பதிவு வளராது. அங்கே முக்கியமாக ஏறுவது கடனும் கடனுக்கு நின்ற பிணையும்தான். ஊர்ச் சீட்டில் நீங்கள் எவ்வளவு நாணயமானவர் என்பது உங்கள் ஒழுங்கைக்குத் தெரியும், கொழும்புக்குத் தெரியாது. சேமிப்புக் கணக்கு வேறு விதத்தில் உதவும், அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, "எனக்கு ஒரு வரலாறும் இல்லை" என்று நீங்கள் நினைப்பது சரிதானா என்று பாருங்கள். நம் பகுதியில் அது பல பேருக்குச் சரியாக இருப்பதில்லை.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக் கிராமம் ஒன்றில் நடக்கும் கிழமைக் கடன் (நுண்கடன்) கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு வீட்டு முற்றத்தில் பாய் விரித்திருக்கும். மோட்டார் சைக்கிளில் வந்த உத்தியோகத்தர் கதிரையில் இருப்பார். பெண்கள் ஆளுக்கொரு சின்ன அட்டையை நீட்டிக் காசைக் கொடுப்பார்கள். கடன் எடுத்த அன்று ஒவ்வொருவரும் தன் கடனுக்கும் ஒப்பம் வைத்திருப்பார், குழுவிலுள்ள மற்றவர்களுடைய கடனுக்கும் ஒப்பம் வைத்திருப்பார். அந்த இரண்டாவது ஒப்பம் எதற்கு என்று பலருக்கு விளங்கப்படுத்தப்படவே இல்லை. அது பிணை (மற்றவர் கட்டாவிட்டால் நான் கட்டுவேன் என்ற உறுதி). கடன் கொடுத்தது உரிமம் பெற்ற நிதிக் கம்பனியாக இருந்தால், நீங்கள் பிணை நின்ற கடனும் உங்கள் கிரிப் அறிக்கையில் வரும்.

அயல்வீட்டுப் பெண் நான்கு மாதம் கட்டாமல் விட்டிருந்தால், உங்கள் அறிக்கையில் பிணையாளர் என்ற பகுதியின் கீழ் அந்தக் கடன் நிலுவையோடு நிற்கும். உங்கள் சொந்தக் கடனை நீங்கள் ஒரு கிழமையும் பிந்தாமல் கட்டியிருக்கலாம். ஆனாலும் கடனட்டை கேட்டுப் போகிற அன்று இந்தக் கடனும் வங்கியின் கண்ணில் படும். ஆட்டோ லீசிங்குக்குத் தம்பிக்காக ஒப்பம் வைத்த அண்ணனுக்கும் இதே நிலைமைதான்.

2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடனை எடுத்து மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையில் இருந்த பெண்களுக்கு அரசாங்கம் கடன் நிவாரணம் அறிவித்தது. மட்டக்களப்பும் அதில் ஒன்று. நுண்கடன் வட்டிக்கு வருடத்துக்கு 35 சதவீதம் என்று உச்சவரம்பு வந்ததும் அந்தக் காலத்தில்தான். அந்த நிவாரணத்தில் உங்கள் கடன் அடங்கியிருந்தால், கம்பனியின் புத்தகத்தில் அது தீர்ந்ததாக இருப்பது மட்டும் போதாது. கிரிப் பதிவிலும் தீர்ந்திருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? உங்கள் அறிக்கையை நீங்களே கேட்டுப் பெறலாம். அது உங்கள் உரிமை. கிரிப்பின் இணையத்தளத்தில் பதிந்து, அடையாளத்தை உறுதிப்படுத்தி, ஒரு சிறு கட்டணம் செலுத்தினால் கிடைக்கும். நடைமுறை தெரியாவிட்டால் கணக்கு வைத்திருக்கும் கிளையில் கேளுங்கள், வழி சொல்வார்கள். சொந்த அறிக்கையை நீங்கள் எடுத்துப் பார்ப்பதால் உங்களுக்கு ஒரு பாதிப்பும் இல்லை.

கையில் கிடைத்ததும் எதைப் பார்க்க வேண்டும்? முதலில் பெயரும் அடையாள அட்டை இலக்கமும். உங்களிடம் முன்பு ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய அட்டை இருந்து, இப்போது பன்னிரண்டு இலக்கப் புதிய அட்டை இருந்தால், பழைய இலக்கத்தில் எடுத்த கடன் இந்த அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒழுங்காகக் கட்டி முடித்த கடன் ஒன்று விடுபட்டிருந்தால் அது உங்களுக்குத்தான் நட்டம். நம் பெயர்களில் தகப்பன் பெயர் ஓரிடத்தில் முன்னாலும் ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் வரும். அதே பெயரை ஆங்கிலத்தில் வங்கி ஒரு விதமாகவும் கந்தோர் இன்னொரு விதமாகவும் எழுதியிருக்கும். இந்தக் குழப்பத்தை விண்ணப்பிக்கும் முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கடன் எடுத்தவராக எத்தனை, பிணையாளராக எத்தனை என்று பாருங்கள். ஒவ்வொன்றிலும் மிச்சம் எவ்வளவு, நிலுவை எவ்வளவு, மாதாமாதம் கட்டிய விதம் என்ன என்பது இருக்கும். உங்களிடம் நடைமுறைக் கணக்கு இருந்து, நீங்கள் கொடுத்த காசோலை கணக்கில் பணம் இல்லாமல் திரும்பியிருந்தால் அதுவும் வரும். மொத்த வியாபாரிக்குத் திகதி தள்ளிக் காசோலை கொடுக்கும் கடைக்காரர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். "காசு ரெண்டு நாளில கட்டிட்டன்தானே" என்றாலும், திரும்பிய காசோலை திரும்பியதுதான். கடைசியாக, உங்கள் விபரத்தை எந்தெந்த நிறுவனம் எப்போது எடுத்துப் பார்த்தது என்பதும் தெரியும்.

பிழை இருந்தால் யார் திருத்துவது? கிரிப் தானாக ஒன்றையும் திருத்தாது. பிழையான விபரத்தைக் கொடுத்த வங்கியோ நிதிக் கம்பனியோதான் திருத்தி அனுப்ப வேண்டும். ஆகவே எழுத்தில் அவர்களுக்குக் கொடுங்கள், பிரதியில் கிடைத்ததற்கான ஒப்பம் வாங்குங்கள். கடனைக் கட்டி முடித்த சிட்டையும், கடன் தீர்ந்தது என்ற கடிதமும் இருந்தால் வேலை சுகம். ஆகவே எந்தக் கடன் முடிந்தாலும் அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்காமல் எழும்பி வராதீர்கள்.

காசு தந்தால் கிரிப்பைத் துப்புரவாக்கித் தருவோம் என்று சிலர் முகநூலில் விளம்பரம் போடுகிறார்கள். நம்ப வேண்டாம். உண்மையான பதிவை வெளியாள் யாராலும் அழிக்க முடியாது. பிழையான பதிவைத் திருத்த நீங்களே போதும். இந்த ஆட்களிடம் அடையாள அட்டைப் பிரதியைக் கொடுத்துவிட்டுப் பிறகு அவதிப்பட வேண்டாம்.

சரி, அறிக்கை எடுத்தீர்கள், உண்மையிலேயே அதில் ஒன்றுமில்லை. அல்லது ஆறேழு மாதம் கட்டிய ஒரு சின்னக் கடன் மட்டும் இருக்கிறது. இனி என்ன செய்வது?

என் கருத்தில் மிகப் பாதுகாப்பான வழி, நிலையான வைப்பின் மேல் எடுக்கும் கடனட்டை. பல வங்கிகள் இதைத் தருகின்றன, ஆனால் கேட்டால்தான் சொல்வார்கள். இது நடக்கும் விதம் இப்படி. ஒரு இலட்சம் ரூபாயை நீங்கள் நிலையான வைப்பில் போடுகிறீர்கள் என்று வைப்போம். வங்கி அந்த வைப்பைப் பிணையாகப் பிடித்து வைத்துக்கொண்டு, அதில் ஒரு பங்கை வரம்பாக வைத்து அட்டை தரும். அந்தப் பங்கு எவ்வளவு என்பது வங்கிக்கு வங்கி வேறுபடும். வைப்புக்குரிய வட்டி உங்களுக்கு வந்துகொண்டே இருக்கும். நீங்கள் கட்டாமல் விட்டால் வங்கி வைப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். இப்படி அதற்கு ஆபத்துக் குறைவு என்பதால், உங்களுக்கு வரலாறு இல்லாதது அவ்வளவு பெரிய தடையாக இராது.

"என் காசையே வைத்து எனக்கே கடனா?" என்று கேட்பீர்கள். கேள்வி சரி. ஆனால் நீங்கள் இதில் வாங்குவது பொருளை அல்ல, பதிவை. மாதாமாதம் பாவித்து மாதாமாதம் முழுதாகக் கட்டினால், ஒரு வருடத்தில் உங்கள் பெயரில் ஒழுங்கான ஒரு கடன் வரலாறு நிற்கும். அதன் பிறகு பிணையில்லாத சாதாரண அட்டைக்கு மாற்றித் தரும்படி கேட்கலாம், வைப்பையும் விடுவித்துக்கொள்ளலாம். எடுக்கும் முன்பே, "இந்த அட்டையின் விபரம் மற்றக் கடனட்டைகளைப் போலவே கிரிப்புக்குப் போகுமா?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இதிலுள்ள சிரமம் என்ன? அந்தக் காசை அவசரத்துக்கு எடுக்க முடியாது. வேளாண்மைக்கு விதைநெல்லும் உரமும் வாங்க வைத்திருக்கும் காசை இதில் போட்டு முடக்காதீர்கள். வைப்பு வட்டியில் பிடிக்கும் நிறுத்திவைத்தல் வரியும் 2025 ஏப்ரல் முதல் 5 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் கூடியிருக்கிறது. உங்கள் வருட வருமானம் 18 இலட்சம் ரூபாயைத் தாண்டாவிட்டால், சுயபிரகடனப் படிவம் ஒன்றை வங்கியில் கொடுத்து அந்தப் பிடிப்பைத் தவிர்க்கலாம். படிவம் கேளுங்கள், தருவார்கள்.

வைப்புப் போட வசதியில்லாதவர் என்ன செய்வது? சம்பளம் விழும் வங்கியிலேயே கேளுங்கள். பாடசாலையிலோ ஆஸ்பத்திரியிலோ பிரதேச செயலகத்திலோ நிரந்தர நியமனம் உள்ளவருக்கு வரலாறு குட்டையாக இருந்தாலும் வழி கிடைப்பதுண்டு. சம்பளம் தன் கையால் போவதை அந்த வங்கி மாதாமாதம் பார்த்துக்கொண்டிருக்கிறது அல்லவா? வேறு வங்கிக்குப் போனால் அந்தச் சாட்சியை விட்டுவிட்டுப் போகிறீர்கள். கேட்கும் வரம்பும் சிறியதாக இருக்கட்டும். முதல் அட்டையில் பெரிய வரம்பு கேட்பது மறுப்பைத் தேடிப் போவது போல.

மாதச் சம்பளம் இல்லாதவர்கள்தான் நம் வாவிக்கரையில் அதிகம். மாரிப்போகம் வெட்டினால் ஒரு காசு, கோடைப்போகம் வெட்டினால் ஒரு காசு. வாவியில் இறாலும் நண்டும் பிடிப்பவருக்கு அன்றன்றைக்குக் காசு, அதுவும் வியாபாரி கையிலிருந்து நேரே கைக்கு. வெளிநாட்டில் இருக்கும் கணவன் அனுப்பும் காசில் ஓடும் வீடுகளும் உண்டு. இவர்களுக்கு வருமானம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதற்குத் தடம் இல்லை.

தடத்தை நீங்களே உண்டாக்கலாம், மேலே பிறகு சொல்கிறேன் என்றது இதைத்தான். கையில் வரும் காசைக் கணக்கில் போட்டு, அங்கிருந்து எடுத்துச் செலவழியுங்கள். தொகை சிறிதென்று வெட்கப்பட வேண்டாம். ஒவ்வொரு கிழமையும் ஒரு குறித்த நாளில் போடுவது, எப்போதோ ஒருநாள் பெருந்தொகையைப் போட்டு மறுநாளே எடுப்பதை விட வங்கிக்கு நம்பிக்கை தரும். ஆறு மாதம் இப்படிப் போனால், கணக்குக் கூற்று (கணக்கில் போட்டதும் எடுத்ததும் வரிசையாக அச்சிட்ட தாள்) உங்களுக்காகப் பேசும். நெல் விற்ற சிட்டையையும் வெளிநாட்டுக் காசு வந்த துண்டையும் சேர்த்து வையுங்கள். சின்னத் தொழில் செய்பவர் பிரதேச செயலகத்தில் தொழிற்பெயரைப் பதிந்துகொள்வது நல்லது. பதிவுச் சான்றிதழ் இல்லாத வியாபாரத்தை வங்கி பொழுதுபோக்காகத்தான் பார்க்கும்.

நெற்செய்கைக்காக வங்கியில் எடுத்த கடன் ஒன்று இருந்து, அதைப் போகம் முடிந்து திகதிக்குக் கட்டியிருந்தால் அதுவே உங்களுக்கு வரலாறு. உரிமம் பெற்ற வங்கி வட்டியில்லாத முறையில் கொடுத்த வசதியும் அப்படித்தான். வட்டிக்கு எடுக்க விரும்பாத காத்தான்குடி, ஏறாவூர் வாசகர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இன்னொரு வழக்கம் நம்மிடம் இருக்கிறது. மகன் ஓடும் மோட்டார் சைக்கிளை, மாமா அரசாங்க உத்தியோகம் என்பதால் அவர் பெயரில் லீசிங்கில் எடுப்பது. தவணையை மகன் கட்டுவார், நல்ல பதிவு மாமாவுக்கு ஏறும். ஒரு மாதம் பிந்தினால் கெட்ட பதிவும் மாமாவுக்கே. எப்படியும் ஒரு வாகனம் எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், உங்கள் பெயரில் எடுத்து, மாமாவைப் பிணைக்குக் கேட்கலாம். ஆனால் வரலாறு வேண்டும் என்பதற்காகவே தேவையில்லாத கடன் எடுப்பதை நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

கணவனின் அல்லது தகப்பனின் அட்டையில் துணை அட்டை எடுத்தால் என் பெயரில் வரலாறு வளருமா? அதை நம்பியிருக்க வேண்டாம். துணை அட்டைக்குப் பொறுப்பு முதல் அட்டைக்காரருடையது. செலவுக்கு உதவும், பதிவுக்கு உதவாது.

விண்ணப்பத்தோடு கொடுக்கும் தாள்கள் பெரிய வேலை இல்லை. அடையாள அட்டைப் பிரதி, கடைசி மூன்று மாதச் சம்பளத் துண்டு அல்லது ஆறு மாதக் கணக்குக் கூற்று, வேலைக் கடிதம் அல்லது தொழிற்பதிவு, வீட்டு முகவரி காட்டும் மின்சார அல்லது தண்ணீர்ப் பட்டியல். பட்டியல் அப்பா பெயரிலோ வீட்டுக்காரர் பெயரிலோ இருந்தால், கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுத்து வையுங்கள்.

ஒன்றில் கிடைக்காவிட்டால் இன்னொன்று என்று நான்கு வங்கிக்கு ஒரே கிழமையில் எழுதிப் போடலாமா? வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வங்கி உங்கள் விபரத்தை எடுத்துப் பார்க்கும், பார்த்த தடம் பதிவில் இருக்கும். நான்காவது வங்கி அதைக் காணும்போது, இவருக்கு ஏதோ அவசரக் காசுத் தட்டுப்பாடு என்று எண்ணும். கடைத் தெருவில் மேசை போட்டு நிற்கும் வங்கிப் பிள்ளைகள் ஒப்பம் கேட்கும்போதும் இதை நினைவில் வையுங்கள்.

மறுத்துவிட்டார்களா? காரணத்தைக் கேளுங்கள். வருமானம் போதாதா, பதிவு போதாதா, பிணை நின்ற கடன் ஒன்று இடிக்கிறதா, முகவரித் தாள் சரியில்லையா என்று தெரிந்தால்தான் எதைச் சரிசெய்வது என்று தெரியும். அதைச் சரிசெய்து ஆறு மாதமாவது கழித்துத் திரும்பக் கேளுங்கள்.

இத்தனை சிரமப்பட்டு எடுக்கும் அட்டை உங்களுக்கு உண்மையாகவே தேவையா? இணையத்தில் பொருள் வாங்கத்தான் என்றால், சேமிப்புக் கணக்கோடு வரும் டெபிட் கார்டே போதும். கைபேசி, குளிர்சாதனப் பெட்டி போன்றவற்றை வட்டியில்லாத் தவணைக்கு எடுக்க வேண்டும், பிற்காலத்தில் வீட்டுக் கடன் எடுக்க ஒரு நல்ல பதிவு வேண்டும் என்றால் கடனட்டை பிரயோசனம். மாத முடிவில் கை கடிப்பதால் என்றால், தயவுசெய்து எடுக்காதீர்கள். கிழமைக் கடனை அடைக்க அட்டையில் காசு எடுப்பது அதைவிட மோசம்.

ஏன் என்று கணக்கோடு பாருங்கள். கடனட்டை வட்டிக்கு மத்திய வங்கி 2020 ஆகஸ்டில் வருடத்துக்கு 18 சதவீதம் என்று உச்சம் வைத்தது. 2022 ஏப்ரலில் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள், சில வங்கிகளில் வட்டி 30 சதவீதத்தையும் தாண்டியது. 2023 ஆகஸ்டில் திரும்பவும் 28 சதவீதம் என்று உச்சம் வந்தது. அட்டையில் ஒரு இலட்சம் ரூபாய் மிச்சம் இருக்கிறது, வட்டி 28 சதவீதம் என்று வைப்போம். ஒரு மாத வட்டி மட்டும் ஏறத்தாழ 2,300 ரூபாய். ஆகக்குறைந்த கட்டுத்தொகை 5 சதவீதம் என்றால் நீங்கள் கட்டுவது 5,000 ரூபாய். அதில் கிட்டத்தட்டப் பாதி வட்டிக்கே போய்விடும், கடன் குறைவது 2,700 ரூபாய்தான். அடுத்த மாதம் புதிதாக 3,000 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால், கடன் குறையவே இல்லை.

"ஆகக்குறைந்தது கட்டினால் பதிவு கெடாது என்கிறார்களே?" உண்மைதான், பிந்தியதாக வராது. ஆனால் முழுத் தொகையும் கட்டாத மாதத்தில் வட்டியில்லாத நாட்கள் உங்களுக்குக் கிடையாது. பொருள் வாங்கிய திகதியிலிருந்தே வட்டி எண்ணத் தொடங்கிவிடுவார்கள். இயந்திரத்தில் அட்டையைப் போட்டுக் காசாக எடுத்தால் முதல் நாளிலிருந்தே வட்டி, அதற்கு மேல் ஒரு கட்டணம். வரம்பு முழுவதையும் பாவித்து நிற்பதும் புதியவருக்கு நல்லதல்ல. ஒரு இலட்சம் வரம்பு என்றால் முப்பதாயிரத்துக்குள் நிற்பது நல்ல பழக்கம். அடுத்த வங்கி உங்கள் பதிவைப் பார்க்கும்போது, கடன் இருந்தும் கை நீட்டி எல்லாவற்றையும் எடுக்காதவர் என்று தெரியும்.

ஒப்பம் வைக்கும் முன் நாலு விடயம் கேளுங்கள். வருடக் கட்டணம் எவ்வளவு, முதல் வருடம் இலவசம் என்றால் இரண்டாம் வருடம் எவ்வளவு? இன்றைய வட்டி வீதம் என்ன? பிந்தினால் கட்டணம் எவ்வளவு? கணக்குக் கூற்றுத் திகதி எது, கட்ட வேண்டிய கடைசித் திகதி எது? இந்த இரண்டு திகதியையும் குழப்பிக்கொண்டுதான் முதல் மாதத்திலேயே பலர் தண்டம் கட்டுகிறார்கள். முழுத் தொகையையும் உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகக் கழிக்கும் கட்டளையை எடுத்த அன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள். படிவத்தில் "ஆகக்குறைந்த தொகை", "முழுத் தொகை" என்று இரண்டு கட்டம் இருக்கும். இரண்டாவதில் அடையாளம் போடுங்கள்.

நிபந்தனைகளைத் தமிழில் கேளுங்கள். விளங்காத மொழியில் இருக்கும் தாளில் ஒப்பம் வைக்க உங்களை யாரும் அவசரப்படுத்த முடியாது. அட்டை கைக்கு வந்தபின், "உங்கள் அட்டையை இயங்கவைக்கிறோம், கைபேசிக்கு வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள்" என்று யாராவது அழைத்தால் உடனே துண்டியுங்கள். அந்த இலக்கத்தை வங்கிக்காரர் ஒருபோதும் கேட்கமாட்டார்.

வங்கியோ நிதிக் கம்பனியோ பிழையான கட்டணம் போட்டாலோ, கட்டிய கடனைக் கட்டாததாகக் காட்டித் திருத்தாமல் இழுத்தடித்தாலோ, முதலில் கிளை முகாமையாளருக்கு எழுத்தில் கொடுங்கள். அங்கே தீராவிட்டால் அந்த நிறுவனத்தின் தலைமையகத்துக்கு எழுதுங்கள். அதிலும் பதில் இல்லையென்றால் இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைத்து முறையிடலாம். தமிழிலேயே கதைக்கலாம். அழைக்கும்போது கிளைக்குக் கொடுத்த கடிதத்தின் பிரதியும் திகதியும் கையில் இருக்கட்டும், முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.